வெள்ளாங்குருகுப் பத்தும் உவர்க்கழியும்

ஐங்குறுநூற்று நெய்தலில் அம்மூவனார் பாடிய வெள்ளாங்குருகுப் பத்தின் பாட்டுகள் யாவும் ஒரே காட்சியொடு தொடங்குகின்றன: வெள்ளாங்குருகின் குஞ்சினைக் காண நாரை செல்கின்றது. சென்றது எற்றுக்கு? ஆண்டு வரும் 'செத்தென' என்னும் சொல் 'இறந்ததாக' எனவும் 'ஒத்ததாக' எனவும் இருபொருள்படும். தன் குஞ்செனக் கருதிச் சென்றது என்பாரும் உளர். பரத்தைமனை நாடும் தலைவனுக்கு அஃது உள்ளுறையாகப் பொருந்தலாம்.

ஆயின், கழியிடத்து அந்நாரை படும் பாட்டினை அவ்வுரை விளக்கவில்லை. ஒரு பாட்டில் அது செயலற்று அரற்றுகின்றது. ஒன்றிற் பசி வருத்தவும் அகலாது தங்குகின்றது. ஒன்றில் அது பதைத்தலான் உதிர்ந்த செம்மறுவுடைய தூவி தெளிந்த கழிநீரிற் பரக்கின்றது. பிறிதொன்றிற் சிதைந்த நெய்தற்பூ ஓதத்தொடு பெயர்கின்றது. (கோடியக்கரைச் சதுப்பிற் காணும் மஞ்சள்மூக்கு நாரையின் சிறகில் இளஞ்செந்நிறம் உண்டு, புலவர் கண்டது அதுவே போலும்.) மயங்கிச் சென்ற பறவை மயக்கந் தீர்ந்தவழி இரைதேடப் பெயருமன்றி, பசித்துக் கிடந்து அரற்றாது. எனவே 'இறந்ததாக' என்று கொள்ளலே நேரிது. துணையொடு அந்நாரை திரிவதாகக் கூறும் பாட்டொன்று இம்முடிபிற்கு இடர் தருகின்றது என்பது மெய்யே. அவ்வொன்றன்பொருட்டு ஏனைப் பாட்டுகளின் துயரை மறைத்தல் பொருந்தாது.