உள்விளிம்பு

டயர்த் தேய்மானத்தைத் தொட்டே அறியும் அலைன்மென்ட் மெக்கானிக்கின் உள்ளங்கைக்கு ஈடான கருவி இல்லை. 1990களின் ஹோண்டா சிவிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரை இறக்கினால், மேல் ஆர்ம் கீழ் ஆர்மைவிடக் குட்டை என்பதால், சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். அதுதான் நெகட்டிவ் கேம்பர். வளைவில் நல்ல பிடிப்பு, பார்க்கவும் அழகு.

டயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரிந்ததும் பலரும் கேம்பரைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம், காரை இறக்கும்போது கூடவே மாறிவிடும் டோ; அதாவது, மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். சக்கரங்களின் முன்பக்கம் சற்றே வெளியே விரிந்திருந்தாலும் ரப்பர் சரியாக உருளாமல், போகிற வழியெல்லாம் பக்கவாட்டில் உரசும். சாய்வும் சேர்ந்தால் அந்த உரசல் உள்விளிம்பின் தலையில்தான் விழும். தேர்ந்த கை டயரின் குறுக்கே தடவும்: ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல். அலைன்மென்ட் மெஷினின் திரையில் கோணம் வருமுன்பே கை டோவைச் சொல்லிவிடும். பிறகு டை ராட் நட்டைத் தளர்த்தி, கால் திருப்பு, அரைத் திருப்பு என்று நேராக்கும் அந்தப் பொறுமை! எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

காரை இறக்கியவர்கள் உடனே ஒருமுறை, ஸ்பிரிங் படிந்தபின் மறுமுறை அலைன்மென்ட் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி உள்விளிம்பையும் பாருங்கள்.