எது வேடம் என்று பாருங்கள்

திருநம்பி ஒருவர் தனியாக நடிக்கும் நாடகம், வாருங்கள் என்று கூப்பிட்டால், "அதெல்லாம் நமக்குப் புரியாதுங்க" என்று நழுவிவிடுகிறார்கள். வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் கேட்டு வளர்ந்தவர்கள் இப்படிச் சொல்வதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஒரே ஆள் ராஜாவாகவும் சேடியாகவும் மாறி மாறிப் பேசினால் பிடித்துக்கொள்ளும் காது நமக்கு எப்போதோ வாய்த்துவிட்டது.

அடிப்படை இவ்வளவுதான். பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக வாழும் ஒருவர் தன் கதையைத் தானே நடிக்கிறார். மேடையில் வேறு ஆள் கிடையாது. போதும், உள்ளே வாருங்கள்.

இனிதான் விஷயம். எது வேடம்? 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக வந்தபோது, அவர் பெண் என்று தெரிந்தே பார்த்தார்கள். அந்த ரசனை வேடத்தின் மேல் நின்றது. அதே கண்ணோடு இங்கே வந்து, "அசல் ஆம்பளை மாதிரியே இருக்காரே" என்று வியப்பவர் நாடகத்தையே தவறவிட்டார். இங்கே ஆண் வேடமல்ல.

டி'லோ என்ற கலைஞரைப் பாருங்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை, கலிபோர்னியாவின் லங்காஸ்டரில் வளர்ந்தவர். மேடையில் அவர் அம்மாவாகவும் மாறுவார். வேடம் அந்த அம்மாதான்! அம்மாவை இறக்கிவைத்துவிட்டுத் தானாகத் திரும்பும் கணம் இருக்கிறதே, அங்கே தோளையும் முழங்காலையும் கவனியுங்கள். சுமாரான நடிகர் உடனே நெஞ்சை நிமிர்த்தி, காலை அகட்டி, நான் ஆண் என்று அறிவித்துவிடுவார். தேர்ந்தவர் அவசரப்படமாட்டார். அம்மாவின் கையசைவு ஒன்று அவர் விரலில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதைத் துடைத்தெறியாமல் வைத்துக்கொண்டே ஆணாக நிற்பார். இதற்காகவே நூறு முறை பார்க்கலாம். 'டு டி, ஆர் நாட் டு டி?' என்ற அவருடைய நாடகத்தின் தலைப்பில் ஹாம்லெட் ஒளிந்திருக்கிறான். 'டி' என்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். ஊசி போட்டுக்கொள்வதா என்ற கேள்விக்குப் பின்னால், எப்படிப்பட்ட ஆணாக இருப்பது என்ற இன்னும் கடினமான கேள்வி காத்திருக்கிறது.

அமெரிக்கரான ஸ்காட் டர்னர் ஸ்கோஃபீல்டு வேறு வழி பிடித்தார். ஆணாவதற்கு 127 எளிய படிகள் என்று தலைப்பு வைத்துவிட்டு, பார்வையாளர் சொல்லும் எண்ணுக்குரிய கதையைச் சொல்வார். படிகள் வரிசையாக வராது. 'அன்று, இன்று' என்று இரண்டு புகைப்படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் இன்றைய மோகத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. அறுவைச் சிகிச்சைத் தழும்பு தெரிய எப்போது சட்டையைக் கழற்றுவார் என்று காத்திருப்பவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

விமர்சகர்கள் இவர்களைவிட மோசம். "துணிச்சலான முயற்சி" என்று ஒரு வரி எழுதிவிட்டு நடிப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. மூச்சை எங்கே நிறுத்தினார், பெண்பிள்ளையாக இருந்த வயதைத் தன் இன்றைய கனத்த குரலிலேயே எப்படிச் சொன்னார் என்பதையெல்லாம் யார் எழுதுவது? சிறுமி என்றதும் குரலைக் கீச்சிடவைப்பது மலிவான வித்தை. அதற்குப் போய்க் கைதட்டாதீர்கள்.

ஒன்று சொல்கிறேன், நமக்குள் இருக்கட்டும். இந்த நாடகங்களைப் பார்க்கப் பழகிய பிறகு ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டினேன். அந்த உதறல் அப்படியே என் பெரியப்பாவுடையது. ஐம்பது வருடமாக என்னுடையது என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அரங்கில் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நான் உட்காருவதில்லை. விரல் தெரியவேண்டும்.