நாவலுக்குள் ஒரு நகைக்கடை

ஃபே வெல்டன் என்ற ஆங்கில நாவலாசிரியை 2001ல் 'தி புல்காரி கனெக்‌ஷன்' என்று ஒரு நாவல் வெளியிட்டார். புல்காரி என்பது ரோமாபுரியில் தோன்றிய பெரிய நகைக்கடையின் பெயர். அந்தக் கடைக்காரர்களே பணம் கொடுத்து எழுதச் சொன்ன நாவல் அது. எவ்வளவு பணம் என்று அப்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து மட்டும் வெளியே வந்துவிட்டது. கடையின் பெயர் நாவலில் குறைந்தது 12 தடவையாவது வர வேண்டும் என்பது அது. அம்மையார் தாராள மனசுக்காரர். கேட்டதற்கு மேலேயே அளந்து போட்டார்.

மேல்நாட்டில் பெரிய கூச்சல் கிளம்பியது. ரால்ஃப் நேடரைச் சேர்ந்த ஒரு சங்கம், இதை இலக்கியமாக எண்ணி மதிப்புரை எழுத வேண்டாம், விளம்பரமாகவே நடத்துங்கள் என்று பத்திரிகாசிரியர்களுக்குக் கடிதம் அனுப்பியது. வெல்டன் அலட்டிக்கொள்ளவில்லை. முதலில் தமக்கும் தயக்கம் இருந்தது என்றும், எப்படியும் தமக்கு புக்கர் பரிசு தரப் போவதில்லை, பிறகென்ன என்று துணிந்துவிட்டதாகவும் சொன்னார். நாவல் எழுத வருவதற்கு முன் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். முட்டை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகச் சொன்ன பிரசித்தமான பிரிட்டிஷ் விளம்பரத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

அந்தக் கூச்சலில் பாதி எனக்குப் பாசாங்காகவே படுகிறது. பிறர் காசில் எழுதுவது பாவம் என்றால் உலக இலக்கியத்தில் பெரும் பகுதியைக் கொளுத்த வேண்டியதுதான். நம் கம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலை நூறு பாட்டுக்கு ஒரு தடவை வைத்துப் பாடினார் என்றும், அரங்கேற்றத்தில் புலவர்கள் ஆட்சேபிக்கவே ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டார் என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை எப்படியானாலும் சடையப்பர் பெயர் காவியத்தில் இருக்கிறது. வெல்டனின் ஒப்பந்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு குறும்புக்கார வாசகர் கேட்கலாம்.

வித்தியாசம் இருக்கிறது. கம்பனைக் கேட்டவன் திருவெண்ணெய்நல்லூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. தவிரவும், இன்னார் என்னை ஆதரித்தார் என்று கவி வாய்விட்டுச் சொல்லுகிறார். ஆற்றுப்படை பாடிய பழைய புலவர்களும் அப்படித்தான். பரிசில் வாங்கியதை மறைப்பதற்கு மாறாக, வாங்கியதையே பாட்டின் பொருளாக்கினார்கள். நன்றி சொல்லுவது வேறு, தரகு வேறு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் காரியதரிசி என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர், படித்தவர். தீபாவளி மலருக்கு ஒரு சிறுகதை வேண்டும்; கல்யாணப் பெண்ணின் கூறைப்புடைவை அவர்கள் கடையில் எடுத்ததாக இருக்க வேண்டும்; பெயர் இரண்டே இடத்தில் வந்தால் போதும். தொகை பத்திரிகைகள் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. "கதைக்கு மேலே விளம்பரம் என்று ஒரு வரி போடுவீர்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அப்படிப் போட்டால் யார் ஸார் படிப்பார்கள்?" என்றார்.

அவரை அறியாமலே வியாபாரத்தின் சூக்ஷுமம் முழுவதையும் அந்த ஒரு கேள்வியில் அவர் சொல்லிவிட்டார். என் கதைக்கு அவர் விலை பேசவில்லை. கதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காசு வாங்கினேன் என்பதைச் சொல்லாமல் இருப்பதற்கு விலை பேசினார். இந்த மனுஷன் மனசில் பட்டதைத்தான் எழுதுவான் என்று பத்துப் பேர் என்னை நம்பினால், அந்த நம்பிக்கைதான் சரக்கு. அது அவர்களுடைய சொத்து. அதை நான் எப்படி விற்பது? முடியாது என்று சொல்லி அனுப்பினேன். வேறொருவர் அந்தக் கதையை எழுதினார். மோசமான கதை என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆகவே வெல்டனை நான் பெரிய குற்றவாளியாக நினைக்கவில்லை. புத்தகத்தின் பெயரிலேயே கடையின் பெயர் இருக்கிறது. ஏமாற்றினார் என்று சொல்ல இடமில்லை. என் புகார் இலக்கியம் சம்பந்தமானது. இது பணக்காரர்களைக் கிண்டல் செய்கிற நாவல். பார்லி ஸால்ட் என்ற கோடீசுவரன் முதல் மனைவி கிரேஸைத் தள்ளிவிட்டு, டெலிவிஷனில் தோன்றும் டோரிஸ் என்பவளைக் கட்டிக்கொள்கிறான். ஆத்திரத்தில் கிரேஸ் காரை அவள் மீது ஏற்றப் பார்த்து ஜெயிலுக்கும் போய் வருகிறாள். ஒரு சித்திரத்திலுள்ள சீமாட்டியின் கழுத்தில் புல்காரி நெக்லேஸ் இருக்கிறது. டோரிஸுக்கு அதன் மேல் ஆசை. கேலிக்கு வேண்டியதெல்லாம் தயாராக இருக்கிறது. புருஷனைக் கேலி செய்யலாம், சக்களத்தியைக் கேலி செய்யலாம், டெலிவிஷனைக் கேலி செய்யலாம். ஆனால் நெக்லேஸின் கொக்கி விருந்தின் நடுவே அறுந்து சூப்பில் விழுந்தது என்று ஒரு வாக்கியம் எழுத அந்த ஆசிரியைக்குச் சுதந்திரம் உண்டா? அந்த வைரம் வெறும் கல்தானே என்று ஒரு பாத்திரம் சொல்லி, அந்தச் சொல் வாசகன் மனசில் தங்க விட முடியுமா? எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம். ஆனால் படிக்கிற எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நகை வருகிற பக்கத்தோடு அது நிற்பதில்லை. டோரிஸின் ஆசை அவளுடைய ஆசையா, கடைக்காரரின் ஆசையா என்று தெரியாமல் போகிறபோது அவள் பாத்திரமாக இல்லாமல் கடை ஜன்னலில் நிறுத்திய பொம்மையாகிறாள்.

இந்த விஷயத்தை இலக்கியமாக எழுதியவர் பால்ஸாக். 1837க்கும் 1843க்கும் இடையில் மூன்று பகுதிகளாக வெளிவந்த 'இழந்த மாயைகள்' என்ற நாவலில், லூஸியன் என்ற இளங்கவி பாரிஸுக்கு வந்து பத்திரிகைக்காரனாகிறான். ஒரு நல்ல புத்தகத்தைக் கிழித்து எழுதுகிறான். பிறகு அதே புத்தகத்தை வானளாவப் புகழ்ந்தும் எழுதுகிறான். கைதேர்ந்தவர்கள் அவனுக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கிற இடங்கள் அபாரம். இரண்டு கட்டுரைகளுமே நன்றாக இருக்கின்றன என்பதுதான் பயங்கரம். அவனுக்கென்று அபிப்பிராயமே இல்லாமல் போய்விடுகிறது. இதில் ஒரு வேடிக்கை. இதே பால்ஸாக் தமக்குத் துணி தைத்துக் கொடுத்த, தாம் பாக்கி வைத்திருந்த புயிஸ்ஸோன் என்ற தையற்காரரின் பெயரைத் தம் நாவல்களில் நுழைத்திருக்கிறார். மகா கலைஞன் என்பதால் மன்னித்துவிடுகிறோம். மன்னிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

சட்டத்தால் இதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒரு சரக்கைச் சிபாரிசு செய்கிறவர்கள் அந்தத் தொடர்பை வெளியிட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2009ல் தன் விதிகளைத் திருத்தியது. அதே வருஷம் நம் நாட்டுப் பொதுத்தேர்தலில், வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு புகழ்ச்சியைச் செய்தியாகப் போட்ட பத்திரிகைகளைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. பிரஸ் கவுன்ஸில் இரண்டு பேர் கொண்ட குழுவை அமைத்தது. பெயர்களோடு எழுதப்பட்ட அந்த முழு அறிக்கையை 2010ல் கவுன்ஸிலே வெளியிடத் தயங்கி, சுருக்கம் ஒன்றை வெளியிட்டது. முழுசும் வெளியே வர 2011 ஆயிற்று. பத்திரிகைகள் பத்திரிகைகளை விசாரித்தால் அப்படித்தான்.

வெல்டன் நாவலைப் பற்றி இன்னொரு தகவல். முதலில் அது கடைகளில் விற்பதற்காக எழுதப்பட்டதல்ல. 750 பிரதிகள் மட்டும் அச்சிட்டு, வாடிக்கைக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதாக ஏற்பாடு. அங்கே யார் செலவில் யார் எழுதினார் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. நகை வாங்க வந்தவர் கையில் நகையைப் பற்றி ஒரு கதை, அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் பிரசுரகர்த்தர்கள் எடுத்து மற்ற நாவல்களோடு அலமாரியில் வைத்தார்கள். அந்த 750ல் ஒரு பிரதி எங்காவது பழைய புத்தகக் கடையில் அகப்பட்டால் வாங்கிப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. அதில் சந்தேகமில்லாமல் சிரித்துப் படிக்கலாம் என்று தோன்றுகிறது.