காக்கையும் கரவும்

சங்கப் பாடல்களில் வரும் காக்கையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிமித்தம் என்னும் ஒரு சொல்லோடு அமைந்துவிடுகின்றனர். காக்கை கரைந்தால் விருந்து வரும். அவர்கட்கு அது போதும். குறுந்தொகை 210ஆம் பாடலைப் பாடிய நச்செள்ளையார் அதனாலேயே காக்கைபாடினியார் எனப் பெற்றார் என்பதும் உடன் சொல்லப்படும். நமக்கு இது நிறைவு தரவில்லை. புலவர் பறவையைக் கண்டு பாடினாரா, வழக்கைக் கேட்டுப் பாடினாரா என்று வினவாத திறனாய்வு பாதி வழியில் நின்றுவிட்டதேயாகும்.

ஐங்குறுநூற்றின் 391ஆம் பாடலை நோக்குவோம். மகள் காதலனோடு சென்றுவிட்டாள். அவர்கள் திரும்பி வரும்படி கரைந்தால் ஊன் கலந்த உணவைப் பொற்கலத்தில் தருவதாகத் தாய் காக்கைக்கு வாக்களிக்கிறாள். உணவு அதற்கு மட்டும் அன்று, அதன் கிளைக்கும் சேர்த்தே. அக்கிளையை அன்புடையது என்றும் சிறப்பிக்கிறாள். நிமித்தம் கூற இந்த அடை வேண்டியதே இல்லை. கண்ணால் கண்டவரே இதைச் சேர்த்திருக்க முடியும்.

மும்பையில் கோடைத் தொடக்கத்தில் மாடத்தில் நின்று பார்ப்போர் இதனை அறிவர். சாம்பற் கழுத்துக் காக்கைகள் இரண்டு மின்கம்பியில் நெருங்கி அமர்கின்றன. ஒன்று தலை தாழ்த்திப் பிடரியைக் காட்ட, மற்றது அலகால் மெல்லக் கோதுகிறது. பெடை குஞ்சினைப் போலச் சிறகு நடுக்கி இரக்கிறது. ஆண் தொண்டையில் கொணர்ந்த இரையை அதற்கு ஊட்டுகிறது. பின்பு இரண்டும் சுள்ளியோடு இரும்புக் கம்பியும் பொறுக்கிக் கூடு கட்டுகின்றன. குஞ்சொன்று தவறி விழுந்தாலோ ஊரே திரண்டு கத்துகிறது. (கீழே நடப்பவர் தலையில் குட்டும் வாங்குவர்!)

காக்கை தன் கூடலைப் பிறர் அறியாமல் மறைக்கும் என்பது பழைய நம்பிக்கை; உணவை மறைக்காது, இனத்தை அழைத்து உண்ணும் என்பது குறள் 527இன் கருத்து. கண்கூடான உண்மையோ சற்றுத் தலைகீழாக இருக்கிறது. காதலை நடுத்தெருக் கம்பியில் காட்டும் அப்பறவை, மிஞ்சிய இரையை ஓட்டிடுக்கில் செருகி ஒளித்தும் வைக்கிறது. வள்ளுவர் பிழைபட்டார் என்று நாம் கூறவில்லை. சுற்றந்தழால் அதிகாரத்துக்கு வேண்டிய குணத்தை எடுத்துக்கொண்டு ஏனையதை அவர் விட்டிருக்கலாம். அறநூலுக்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும் காக்கையை முழுதாகக் கண்ட பெருமையை நாம் ஐங்குறுநூற்றுத் தாய்க்கே தருவோம்.

ஏனெனில் அவள் மகளை மட்டும் அழைக்கவில்லை. உடன் சென்ற காளையையும் சேர்த்தே அழைக்கிறாள். உடன்போக்கை அவள் மனம் ஏற்றுக்கொண்டது என்பதற்குப் பாடலில் வேறு சான்று தேட வேண்டியதில்லை. இணையைப் பிரியாமலும் கிளையை விடாமலும் வாழும் ஒரு பறவையிடம் அதைக் கேட்கிறாள். அவள் மகளோ இணையோடு போனாள். கிளைதான் முற்றத்தில் காத்து நிற்கிறது, கையில் பொற்கலத்தோடு.