பெரிய திருகாணிக்குக் கையா, மின்சாரமா?

புதுச்சேரியின் வைசியாள் வீதியைப் பார்த்திருக்கிறீர்களா? திண்ணையும் மரத்தூண் தாங்கிய தாழ்வாரமும் கொண்ட அவ்வீதியைப் புதுப்பித்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அத்தகைய பழைய தூணில் பெரிய திருகாணி ஒன்றை முடுக்க எந்தக் கருவியை எடுப்பீர்கள்? “மின்கருவி இருக்க, கையால் ஏன் மாரடிப்பது?” என்பார்கள் பலர். இவ்விடை பாதிதான் சரி.

திருகாணி என்பது உருளையைச் சுற்றிய சாய்தளமே. அதை முடுக்கும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி உராய்வை வெல்லவே செலவாகிறது. விசையை ஆரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். திருப்புளிப் பிடியின் ஆரம் சுமார் 1.5 செ.மீ.; ஸ்பேனரின் நீளம் 20 செ.மீ. எனவே ஒரே விசைக்கு ஸ்பேனர் 13 மடங்கு வலியது. 200 நியூட்டன் விசை கொடுத்தால் 40 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 10 மி.மீ. தடிமனுள்ள அறுகோணத் தலைத் திருகாணிக்கு இதுவே ஏற்ற கைக்கருவி.

இம்பாக்ட் டிரைவர் என்னும் மின்கருவியின் உள்ளே ஒரு சுத்தியல், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தட்டித் திருப்புகிறது. 18 வோல்ட் மின்கலத்தில் ஓடும் பல கருவிகள் 150 நியூட்டன் மீட்டரை எட்டுகின்றன. புதுமரத்தில் நூறு திருகாணி முடுக்குபவருக்கு அது பெரும் உதவி. ஆனால் எங்கே நிறுத்துவது என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. தலை பதிந்த பின்னும் சுற்றினால், புரி கவ்விய மரநார்கள் அறுந்துவிடும். திருகாணி சும்மா சுழலும். பித்தளையானால் தலையே முறியும். ஸ்பேனர் பிடித்த கையோ, இறுகுவதை உடனே உணரும்.

பழி முழுவதையும் கருவியின் மேல் போடுவதும் நியாயமன்று. துளையிடாமல் முடுக்குவதே முதற்பிழை. 10 மி.மீ. திருகாணியின் புரியில்லாத பகுதிக்கு 10 மி.மீ. துளையும், புரியுள்ள பகுதிக்குத் தேக்கு போன்ற கெட்டி மரத்தில் சுமார் 7 மி.மீ. துளையும் வேண்டும். புரியில் மெழுகு தடவினால் உராய்வு குறையும். சிலர் சோப்பைத் தடவுவார்கள். அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். கடற்காற்று வீசும் ஊருக்கு ஆகாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு கழிவு மரத்துண்டின் ஓரத்தில் ஒரு திருகாணியைத் துளையிட்டும், மற்றொன்றைத் துளையிடாமலும் முடுக்குங்கள். எது எளிது, எங்கே மரம் பிளக்கிறது என்பது தெரியும்.

ஆகவே துளையிடவும் பாதிவரை முடுக்கவும் மின்சாரம். கடைசிச் சுற்றுகளுக்குக் கை. முறிந்த திருகாணிக்குப் பதில் வேறொன்றைக் கடையில் வாங்கலாம். பிளந்த பழந்தூணுக்கு எங்கே போவது?