கோபன்ஹேகன் பொலிஸ் ஆய்வும் சங்ககாலத் தமிழ் ஊர்களும்: போர், அரசியல், பண்பாடு குறித்த ஓர் ஒப்பியல் மதிப்பீடு

டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகத்தில் பளிங்குத் தலைகள் இரண்டு உள்ளன. ஒன்று மனிதனுடையது, மற்றது மனித முகமும் குதிரையுடலும் கொண்ட கென்டாருடையது. இரண்டும் ஏதென்சின் பார்த்தெனான் கோயிலின் தென்புறச் சிற்பப் பலகையொன்றிலிருந்து சிதைந்து விழுந்தவை. 1687இல் வெனிசியப் படையின் குண்டுவீச்சில் அக்கோயில் தகர்ந்தது. அப்படையில் பணியாற்றிய டேனிய அதிகாரி ஒருவர் மறு ஆண்டில் அத்தலைகளைக் கோபன்ஹேகனுக்கு அனுப்பினார். உடல்கள் இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிரேக்க நகரொன்றின் சிதறல் டென்மார்க்கை அடைந்தது போரின் வழியாகவே. சிதறிக் கிடந்த கிரேக்க நகரங்கள் அனைத்தையும் தேடித் தொகுக்கும் முயற்சி மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் அதே நகரில் மேற்கொள்ளப்பட்டது.

டேனிய தேசிய ஆய்வு நிதியத்தின் ஆதரவுடன் 1993இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பொலிஸ் ஆய்வு மையம் 2005 வரை இயங்கியது. அதனை வழிநடத்தியவர் ஏதெனிய மக்களாட்சி பற்றிய ஆய்வுகளால் அறியப்பட்ட மொகென்ஸ் ஹெர்மன் ஹான்சன். அவரும் தோமஸ் ஹைனே நீல்சனும் பதிப்பித்து 2004இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்த பெருந்தொகுப்பு, பொ.ஆ.மு. 650 முதல் 323 வரையான காலத்துக்குரிய 1,035 நகர அரசுகளைப் பதிவு செய்கிறது. மதில், நாணயம், ஆட்சியமைப்பு, ஒலிம்பிய வெற்றியாளர் என ஒரே வகையான வினாக்கள் ஒவ்வொரு நகரிடமும் கேட்கப்பட்டன. ஏதென்சும் ஸ்பார்ட்டாவுமே கிரேக்கம் என்ற பழைய எண்ணத்தை இத்தொகுப்பு தகர்த்தது. தன்னாட்சி இழந்து பிறிதொரு நகருக்குக் கீழ்ப்பட்டிருந்தாலும் ஒரு நகர் பொலிஸாக நீடிக்க முடியும் என்பது அம்மையத்தின் முக்கியமான முடிவுகளுள் ஒன்று.

தமிழாய்வுக்கு இங்கே உள்ள பாடம் முடிவுகளைக் காட்டிலும் முறையிலேயே இருக்கிறது. தமிழ்-கிரேக்க ஒப்பீடு இதுவரை பெரிதும் இலக்கிய ஒப்பீடாகவே இருந்துவந்துள்ளது. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்ந்தவர்கள். 1968இல் வெளிவந்த கைலாசபதியின் நூல் சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாகக் கண்டு ஹோமரின் காப்பியங்களோடு வைத்து நோக்கியது. 1981இல் வெளிவந்த சிவத்தம்பியின் நூல் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தின் இடத்தைக் கிரேக்க நாடக வரலாற்றின் ஒளியில் ஆராய்ந்தது. இவ்விரு நூல்களும் திறந்த வாயில் பெரிது. எனினும் பின்வந்தோர் பலர் அவற்றின் வினாக்களை விடுத்துப் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டனர். கிரேக்கருக்கு இருந்தது தமிழருக்கும் இருந்தது என்று காட்டுவதே ஒப்பியல் என்றாயிற்று.

கோபன்ஹேகன் முறை இத்தகைய எளிய சமன்பாடுகளுக்கு இடம் தராது. ஒரு சொல்லை அது வழங்கிய காலத்துச் சான்றுகளைக் கொண்டே வரையறுக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. கிரேக்கத்தில் ‘பொலிஸ்’ என்பது நகரையும் குடிமக்கள் சமூகத்தையும் ஒருங்கே குறித்தது. சங்கப் பாடல்களில் ‘நகர்’ என்பது பெரும்பாலும் மாளிகையையோ அரண்மனையையோ கோயிலையோ குறிக்கிறது. மக்கள் வாழிடம் ஊர், மூதூர், பட்டினம், பாக்கம் என வழங்கியது. ஆகவே ‘நகர அரசு’ என்ற இக்கால மொழிபெயர்ப்பைப் பின்னோக்கி ஏற்றிச் சங்ககாலத்தில் பொலிஸ் இருந்தது எனல் பொருந்தாது.

நாணயங்களும் இதனையே உணர்த்துகின்றன. சிராக்கூஸ் நகரின் நாணயம், கொடுங்கோலர் ஆண்ட காலத்திலும், ‘சிராக்கூசருடையது’ என்று மக்களின் பெயரையே தாங்கியது. தமிழ்நாட்டில் கிடைத்த பெருவழுதி, மாக்கோதை நாணயங்கள் மன்னரின் பெயரைத் தாங்குகின்றன. தூசிடிடீஸ் தமது போர் வரலாற்றின் தொடக்கத்திலேயே தம்மை ஏதெனியர் என்கிறார். அது குடியுரிமையின் பெயர். உறையூர் முடமோசியார், கோவூர் கிழார் என்னும் பெயர்களில் ஊர் பிறப்பிடமாகவோ நிலவுரிமையாகவோ நிற்கிறது. ஊர்ப்பற்று இரு நிலங்களுக்கும் பொது. ஊரை ஆளும் உரிமை பொதுவன்று.

ஆயினும் ஒப்பீட்டையே கைவிட வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டில் ஹான்சன் பதிப்பித்த முப்பது நகர அரசுப் பண்பாடுகள் பற்றிய நூல், ஒரே மொழியும் பண்பாடும் கொண்ட நிலப்பரப்பு பல சிற்றரசுகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று பொருதும் உறவாடியும் வாழ்ந்த நிலையை உலக அளவில் ஆராய்ந்தது. வேங்கடத்துக்கும் குமரிக்கும் இடைப்பட்ட தமிழ் நிலம், மூவேந்தரும் வேளிரும் பிரித்தாண்ட நிலையிலும் மொழியால் தன்னை ஒன்றாக உணர்ந்தது. குருதி, மொழி, வழிபாடு, வழக்கம் ஆகியவற்றால் கிரேக்கர் ஒன்றே என்று ஹெரோடோட்டஸ் எழுதிய உணர்வுக்கு இது நெருங்கியது. ஒப்பிட வேண்டியது இந்த ஒருமைக்குள் நிகழ்ந்த போரை.

அதற்குப் புறநானூற்றின் 44, 45ஆம் பாடல்களைவிடச் சிறந்த சான்று அரிது. அடிக்குறிப்புகளின்படி, ஆவூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடம், கதவைத் திற அல்லது போரிடு என்கிறார் கோவூர் கிழார். உள்ளே பாலின்றி அழும் குழந்தைகளை நினைவூட்டுகிறார். உறையூர் முற்றுகையில், பொருதும் இருவரும் ஒரே குடியினர், எவர் தோற்றாலும் தோற்பது அக்குடியே என்கிறார். பொ.ஆ.மு. 411இல் அரிஸ்டோபனீசின் லைசிஸ்திராட்டா, ஒரே பலிபீடங்களில் உறவினராய் வழிபடும் கிரேக்கர் ஒருவரையொருவர் கொல்வதேன் என்று கேட்டாள். வாதம் ஒன்றே, கேட்போர் வேறு. ஏதென்சின் அரங்கில் அமர்ந்திருந்தோருள் பலர், பேரவையில் போருக்கு வாக்களிக்கும் உரிமை பெற்ற குடிமக்கள். கோவூர் கிழாரின் சொல் மன்னன் ஒருவனின் செவியை நம்பியது. கோபன்ஹேகன் தொகுப்பின் குறையும் இங்கேதான் புலப்படுகிறது. ஒரு நகரில் அரங்கு இருந்ததா என்பதை அது பதிகிறது. அவ்வரங்கில் என்ன பேசப்பட்டது என்பது அதன் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை.

இறந்தோரை நினைவுகூரும் முறையிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. பொ.ஆ.மு. 460 அளவில் ஏதென்சின் எரெக்தெயிஸ் குலத்தார், சைப்ரசிலும் எகிப்திலும் பிற களங்களிலும் ஒரே ஆண்டில் மாண்ட 170க்கும் மேற்பட்டோரின் பெயர்களைக் கல்லில் பொறித்தனர். அக்கல் இன்று பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் தந்தை பெயர் இல்லை. ஒரு சிலருக்கே பதவி குறிக்கப்பட்டுள்ளது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல்லோ, கூடலூர் ஆகோளில் பட்ட ஒருவனைத் தனித்து நினைவுகூர்கிறது. முன்னது போரை முடிவு செய்த சமூகம் தானே ஏற்ற கணக்கு. பின்னது வீரன் ஒருவனுக்கு அவன் ஊரும் சுற்றமும் செலுத்திய கடன். ஈழப் போர்க்காலத்தில் நடுகல் என்ற சொல் புத்துயிர் பெற்றதை அறிந்தோர்க்கு இது வெறும் தொல்லியல் வினாவன்று. மாண்டவரைப் போற்றும் மரபு, அப்போரை யார் தீர்மானித்தார் என்று கேட்கும் மரபையும் உடன்கொண்டிருக்க வேண்டும்.

எனவே தமிழாய்வு கோபன்ஹேகனிலிருந்து பெறத்தக்கது பொலிஸ் என்ற பட்டமன்று. கல்வெட்டு, நாணயம், அகழாய்வு, பாடல், பின்னர்ச் சேர்ந்த அடிக்குறிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக்காட்டும் ஒரு சங்ககால ஊர்த்தொகுப்பே இன்றைய தேவை. ஆவூர் முதல் கூடலூர் வரை ஒவ்வோர் ஊரிடமும் ஒரே வினாக்கள் கேட்கப்பட வேண்டும்; டேனியத் தொகுப்பு கேளாது விட்ட ஒரு வினாவும் அவற்றோடு சேர வேண்டும்: போர் வேண்டாம் என்ற குரல் அங்கே எழுந்தபோது, அதைக் கேட்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது?