இடது கைக்கு ஒரு மரியாதை

கார்மின் நிறுவனம் 2006 வாக்கில் கொண்டுவந்த ஸூமோ 550 என்ற ஜிபிஎஸ் கருவியை இன்று யாராவது கையில் வாங்கிப் பார்த்தால் சிரிப்பார்கள். மூன்றரை அங்குலத் திரைக்கு இவ்வளவு தடித்த உடம்பா என்பார்கள். சிரிக்கட்டும். திரையின் இடப்பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாகப் பட்டன்கள் இருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தைப் பெரிதாக்க ஒன்று, சிறிதாக்க ஒன்று, பக்கம் மாற்ற ஒன்று. தடித்த கையுறை போட்ட விரல் தடவியே கண்டுகொள்ளும்படி புடைத்தவை. வலப்பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

பைக் ஓட்டுகிறவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வலது கை ஆக்ஸிலேட்டரை விட முடியாது. முன் பிரேக்கும் அதன் பொறுப்பில்தான். இடது கைக்குத்தான் ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. (நம்மூரில் ஹாரன் அடிக்கும் வேலையும் அதற்கு உண்டு என்பதால் அந்த ஓய்வும் குறைவுதான்.) வலப்பக்கத்தில் பட்டன் வைத்திருந்தால் அந்த இடது கை திரையைத் தாண்டி நீள வேண்டும், நீளும்போது திரை மறையும், தோள் திரும்பும், தோளோடு ஹேண்டிலும் கொஞ்சம் திரும்பும். பட்டனை இடப்பக்கம் வைத்த மனிதர் பைக் ஓட்டியிருக்கிறார், அல்லது ஓட்டுகிற ஒருவரைப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்.

பைக்குக்கு ஜிபிஎஸ் தேடும்போது நான் பார்ப்பது இந்த மாதிரி விஷயங்களைத்தான். வரைபடம் எல்லோரிடமும் இருக்கிறது. சட்டைப்பையில் இருக்கும் போனிலேயே இலவசமாக இருக்கிறது. கூகுள் மேப்ஸ் இருசக்கர வாகனங்களுக்கென்று தனி வழிமுறையை உலகிலேயே முதலில் 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது. அப்படியிருக்க, தனியாக ஒரு கருவிக்கு எதற்குப் பணம்? ஸூமோ எக்ஸ்டி 2020-இல் அமெரிக்காவில் வந்தபோதே விலை 500 டாலர். அந்தப் பணத்தில் நாம் வாங்குவது வழியை அல்ல. ஓட்டுகிறவரின் கையையும் கண்ணையும் காதையும் யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார் அல்லவா, அந்த நினைப்பைத்தான்.

முதலில் கண். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. திரையை இரண்டு நொடி உற்றுப் பார்த்தால் 33 மீட்டர் சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். அதற்குள் ஒரு வேகத்தடை, ஒரு நாய், சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் ஒரு டிவிஎஸ் 50 எல்லாம் வந்துவிடும். ஆகவே திரை எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் கண்ணைத் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் கேள்வி. 2023-இல் வந்த ஸூமோ எக்ஸ்டி 2-இன் ஆறு அங்குலத் திரைக்கு 1050 நிட் பிரகாசம். இன்றைய நல்ல போன்களும் அந்த அளவைத் தொடுகின்றன, தாண்டவும் செய்கின்றன. வித்தியாசம் வெயிலில் தெரியும். ஐபோனைப் பயன்படுத்த 0 முதல் 35 டிகிரி வரைதான் உகந்த வெப்பநிலை என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை மாதம் திருச்சியில் நடுப்பகலில் என்றைக்கு 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்? சூடு ஏறியதும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், கடைசியில் எச்சரிக்கை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதைக் குறை சொல்வதற்கில்லை, அது நிழலுக்குப் பிறந்தது.

அதிர்வும் அப்படித்தான். அதிக சக்தி கொண்ட பைக் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் அறிவித்தது. கைநடுக்கத்தை ஈடுகட்ட லென்ஸைக் கொஞ்சம் மிதக்க விட்டிருக்கிறார்கள். எஞ்சினின் இடைவிடாத உதறலை அந்த நுட்பம் தாங்குவதில்லை. ஹேண்டிலுக்கென்றே பிறந்த கருவியில் கேமரா இல்லை, உதறிப் பழுதாக உள்ளே மிதக்கும் லென்ஸும் இல்லை.

இந்த அதிர்வைத் தாங்கும் சங்கதியில் எனக்கு மிகப் பிடித்தது கருவிகூட அல்ல, அதைத் தாங்கும் கைதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ரேம் நிறுவனம் செய்வது. ஹேண்டில்பாரில் ஓர் அங்குல விட்டத்தில் ரப்பர் போர்த்திய ஒரு குண்டு. கருவியின் முதுகிலும் அதே அளவில் இன்னொரு குண்டு. இரண்டையும் இரு முனையிலும் கவ்வும் ஒரு குட்டைக் கை, நீளவாக்கில் இரண்டு பிளவாக. நடுவில் ஒரே ஒரு திருகு. அதைத் தளர்த்தினால் இரண்டு மூட்டும் ஒரே சமயத்தில் தளர்கின்றன. கருவியை எந்தக் கோணத்துக்கு வேண்டுமானாலும் சாய்த்துத் திருப்பிவிட்டு மறுபடி முறுக்கினால் இரண்டும் ஒரே சமயத்தில் இறுகுகின்றன. ஸ்பேனர் வேண்டாம், ஸ்குரூ டிரைவர் வேண்டாம். குண்டின் மேல் இருக்கும் ரப்பர் வழுக்காமல் பிடிக்கிறது. அதே ரப்பர் உதறலில் ஒரு பங்கைத் தானே விழுங்கியும் விடுகிறது. பிடித்துக்கொள்வதற்கும் விட்டுக்கொடுப்பதற்கும் ஒரே பொருள். வேலைப்பாடு என்றால் இதைச் சொல்லலாம். முழங்கை, தோள்பட்டை எல்லாம் வைத்து நம்மைச் செய்தவனும் மூட்டுக்கு மூட்டு தனித்தனித் திருகு வைக்கவில்லை.

அடுத்தது தொட்டில். போனுக்கு யூஎஸ்பி வயரைச் செருகுகிறோம். நல்ல பைக் ஜிபிஎஸ்ஸில் செருகுவதற்கு எதுவும் இல்லை. தொட்டிலில் உட்கார வைத்து அழுத்தினால் ஒரு 'க்ளக்'. அடியில் இருக்கும் சின்ன உலோகத் தொடுமுனைகள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் ஏறிவிடும். மழையில் தண்ணீர் போகத் திறந்த வாய் இல்லை, குலுங்கிக் குலுங்கித் தேய்ந்துபோகும் துளையும் இல்லை. ஐபிஎக்ஸ் 7 என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். வடகிழக்குப் பருவமழையில் புதுச்சேரி சாலையில் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு மிகையாகத் தோன்றாது.

தொட்டிலுக்கு வயர் இழுக்க எலெக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும். "அண்ணே, நேரா பேட்டரியிலேயே குடுத்துடலாமா?" என்று கேட்டேன். "வேணாம் தம்பி. சாவி லைன்ல ஒரு ரிலே போட்டுக் குடுக்குறேன். நிறுத்திட்டு மறந்துட்டீங்கன்னா காலைல செல்ஃப் எடுக்காது" என்றார். சரியான யோசனை. அதில் கருவியின் பங்கும் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் மின்சாரம் நிற்கிறது. ஆனால் கார்மின் கருவி பட்டென்று செத்துப்போவதில்லை. அணையட்டுமா என்று கேட்டுச் சில நொடிகளைத் தலைகீழாக எண்ணுகிறது. டீக்கடையில் நின்று அடுத்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் திரையைத் தொட்டால் போதும், சொந்த பேட்டரியில் தொடர்கிறது. தொடாவிட்டால் மரியாதையாக அணைந்துவிடுகிறது.

மலைக்குப் போவோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சாலை ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு தேர்வுக்கூடம். ஒரு வளைவின் கீழ்க்கையும் மேல்கையும் சில இடங்களில் கூப்பிடு தூரம்கூட இல்லை. 2000 மே 2 வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர்வரை தவறும். அந்தக் கணக்கில் கொல்லிமலையில் நாம் எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று எந்தக் கருவியாலும் சொல்லியிருக்க முடியாது. இன்று திறந்த வானத்தின் கீழே பிழை ஏறத்தாழ ஐந்து மீட்டர். மரக்கூரையும் பாறைச்சுவரும் சேர்ந்தால் அது கூடும். அப்போதும் அம்புக்குறி மேல் அடுக்குக்குத் தாவாமல் சாலையிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறதென்றால், கருவி வானத்தை மட்டும் நம்பவில்லை என்று அர்த்தம். சற்று முன் எங்கே இருந்தோம், இந்தத் தார் எதோடு சேர்கிறது, இவ்வளவு நேரத்தில் அந்த அடுக்குக்கு ஏறியிருக்க முடியுமா என்று வரைபடத்தையும் கூடவே கேட்டுக்கொண்டு வருகிறது.

இதைவிட நயம், அது பேசாமல் இருப்பது. பிரிவே இல்லாத சாலையில் வளைவு வந்தால் திரும்பத்தான் வேண்டும். அதற்கு ஒரு குரல் எதற்கு? நல்ல கருவி எழுபது வளைவிலும் வாய் திறக்காது, சாலை பிரியும் இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லும். கூர்வளைவு எச்சரிக்கை என்று ஒரு வசதி ஸூமோவில் இருக்கிறது. சமவெளியில் அது உபகாரம். மலையில் அதை அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், இல்லையென்றால் ஹெல்மெட்டுக்குள் மாமியார் வீடுதான். ஒட்டன்சத்திரத்தையும் அய்யலூரையும் ஆங்கிலக் குரல் உச்சரிக்கும் அழகைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

டாம்டாம் நிறுவனத்தின் ரைடர் என்ற பைக் ஜிபிஎஸ்ஸும் ஸூமோவும் போனிலிருந்து நிஜமாகவே பிரியும் இடம் ஒன்று உண்டு. போனுக்கு வேகமான வழிதான் நல்ல வழி. இவை இரண்டும் எவ்வளவு வளைவு வேண்டும், எவ்வளவு ஏற்றம் வேண்டும் என்று கேட்கின்றன. ஸூமோவில் இழுத்துத் தள்ளும் கோடுகளாகவே வைத்திருக்கிறார்கள். திண்டுக்கல்லில் நின்று கொடைக்கானல் என்று கேட்டால் போன் வத்தலக்குண்டு வழியைத்தான் நீட்டும். சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஏறும் இன்னொரு சாலை இருக்கிறது. நேரம்தான் முக்கியம் என்று நினைக்கும் இயந்திரத்துக்கு அந்தச் சாலை கண்ணில் படவே படாது. "நேரமானாலும் பரவாயில்லை, வளைந்து போ" என்று சொல்ல ஒரு கோடு வைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் முழுதாக நம்பிவிடவும் கூடாது. மைசூருக்குப் போகும்போது பந்திப்பூர் காட்டுவழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை ஓட்டுகிறவர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் காட்டுவதுதான் சிறப்பு என்றும் இல்லை. சென்னை நிறுவனமான ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியார் 350-ஓடு 'டிரிப்பர்' என்ற குட்டி வட்டத்திரையைக் கொண்டுவந்தது. வரைபடமே கிடையாது. ஓர் அம்புக்குறி, எவ்வளவு தூரத்தில் திரும்ப வேண்டும் என்று ஓர் எண், அவ்வளவுதான். லண்டனின் பீலைன் மோட்டோ இன்னும் ஒரு படி போகிறது. வழியே சொல்லாமல், போய்ச்சேரும் இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் காட்டும் முறையும் அதில் உண்டு. இரண்டும் போனைச் சார்ந்தவை என்பது குறை. போன் செத்தால் இவையும் ஊமை. கண்ணைத் திருப்பி அனுப்பும் வேகத்தில் மட்டும் ஆறு அங்குலத் திரை இவற்றிடம் தோற்றுவிடும். ராயல் என்ஃபீல்டே 2023-இல் புது ஹிமாலயன் 450-இல் வட்டத்திரைக்குள் முழு கூகுள் வரைபடத்தையே கொண்டுவந்தது. பலருக்கு மகிழ்ச்சி. எனக்கு அந்த ஒற்றை அம்புக்குறிமேல்தான் இன்னும் ஆசை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடைக்காரர் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துக் காட்டுவார். வெளியே வெயிலுக்கு எடுத்து வாருங்கள். ஓட்டும்போது போடும் கூலிங்கிளாஸையே போட்டுக்கொண்டு பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடியாக இருந்தால் சில திரைகள் ஒரு கோணத்தில் கறுத்தே போகும். படுக்கைவசமாக வைத்தும் நிறுத்தி வைத்தும் பாருங்கள். கையுறையோடு இடது கையால் ஓர் ஊரின் பெயரை அடியுங்கள். டேங்க் எத்தனை கிலோமீட்டருக்கு வரும் என்று சொல்லிவைத்தால், தீரும் முன் எச்சரித்துப் பக்கத்து பங்க்கைக் காட்டும் வசதி சில ஸூமோக்களில் இருக்கிறது. பெட்ரோல் மானி இல்லாத பழைய வண்டிக்காரர்கள் அதைத் தேடிப் பாருங்கள். இன்ரீச் என்ற செயற்கைக்கோள் செய்திக் கருவியைச் சேர்த்து வாங்கச் சொன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வெறும் ஜிபிஎஸ்ஸுக்கு இந்தியாவில் தடையில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைத் தொலைத்தொடர்புத் துறை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.